பதவியை விட்டுட்டுப் போன அந்தம்மாவைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அல்சூர்லேர்ந்து எழுதறேன். 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்துட்டு இப்ப வீட்ல இருக்கேன், உங்க பேப்பர் எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க வீட்டுக்கு வருது, ஆனா ஆசிரியருக்குக் கடிதம்னு எழுதறது இதுதான் முதல் தடவை. ஜெர்மனி எலெக்ஷன் பத்தி நீங்க போட்ட கட்டுரையைக் கத்தரிச்சு அலமாரியில வச்சிருந்தேன், பதில் எழுதணும் எழுதணும்னே நாள் ஓடிப்போச்சு. எஃப்டிபிங்கற லிபரல் கட்சி 2025 பிப்ரவரி 23ஆம் தேதி எலெக்ஷன்ல 4.3 சதவீதம்தான் வாங்குச்சு, அங்க 5 சதவீதம் தாண்டாத கட்சிக்குப் பார்லிமெண்ட்ல இடம் கிடைக்காது, அதனால வெளிய போயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க, அதெல்லாம் சரி. கடைசியில "பணக்காரங்க கட்சி போச்சு, யாருக்கும் நஷ்டமில்ல"ங்கற மாதிரி ஒரு வரி வந்துச்சு பாருங்க, அது என் மனசுக்கு ஒப்பலை. அந்தக் கட்சியில ஒரு அம்மா இருக்காங்க, அவங்க கதையைக் கேட்டுட்டு அப்புறம் நஷ்டமா இல்லையான்னு சொல்லுங்க.

பேரு சபீனெ லாய்ட்ஹாய்சர்-ஷ்னாரன்பெர்கர். நீளமான பேரு, நான் அந்தம்மான்னே சொல்லிடறேன். 1951ல மிண்டன்ங்கற ஊர்ல பொறந்தவங்க, லா படிச்சிட்டு மியூனிக் பேட்டண்ட் ஆபீஸ்ல பத்து வருஷத்துக்கு மேல உத்தியோகம், 1990ல எம்.பி, 1992ல நீதித்துறை மந்திரி. ஜெர்மனியில பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான், நம்ம பக்கம்தான் யாரும் சொல்றதில்ல.

எனக்குத் தெரிய வந்தது எம்பொண்ணாலதான். அவ மியூனிக்ல எம்.எஸ் படிக்கறப்ப நானும் வீட்ல அவங்களும் ரெண்டு மாசம் போயிருந்தோம். அவ வாடகைக்கு இருந்த வீட்டோட ஓனரம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல, அந்தக் கட்சியோட பழைய மெம்பர். நான் கோர்ட்டு வேலை பார்த்தவன்னு எம்பொண்ணு சொன்னதும் அவங்களுக்கு ஒரே சந்தோஷம், ஒரு ஞாயித்துக்கிழமை எஸ்6 ட்ரெயின்ல ஏத்தி ஸ்டார்ன்பெர்க் ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, இதுதான் அந்தம்மாவோட பகுதின்னு கையைக் காட்டினாங்க, நம்மூர்ல காமராஜர் இருந்த வீட்டைக் காட்டுவாங்களே அந்த மாதிரி. ஏரிக்கரை பெஞ்சுல உக்காந்து அவங்க பேசப் பேச எம்பொண்ணு நடுவுல தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தா. அன்னிக்குக் கேட்டதையும் அதுக்கப்புறம் நானே தேடிப் படிச்சதையும் வச்சுதான் இதை எழுதறேன்.

1949ல மேற்கு ஜெர்மனியில எழுதின அரசியல் சட்டத்துல 13வது பிரிவு, வீடுங்கறது யாரும் மீறக்கூடாத இடம்னு சொல்லுது. அதை எழுதினவங்க எல்லாம் ஹிட்லரோட கெஸ்டபோ போலீஸ் கதவைத் தட்டின காலத்தைப் பார்த்தவங்க. அப்புறம் கிழக்கு ஜெர்மனியில ஸ்டாசின்னு உளவு போலீஸ், பெர்லின் சுவர் விழுந்தப்புறம் 1992 ஜனவரியில அந்த ஃபைலையெல்லாம் சம்பந்தப்பட்டவங்களே வந்து பார்க்கலாம்னு திறந்துவிட்டாங்க, போய்ப் பார்த்தா பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பார்த்தவன், ஒரு பொம்பளைக்குக் கட்டின புருஷனே எழுதிக் கொடுத்திருக்கான், ஜனங்க உடைஞ்சு போனாங்க. இந்தக் காயம் ஆறாத சமயத்துலதான் கிரிமினல் கும்பல் பெருகிப்போச்சு, சந்தேகப்படறவன் வீட்டுக்குள்ள போலீஸ் ரகசியமா மைக் வைக்க அனுமதி வேணும், அதுக்காக அந்த 13வது பிரிவையே திருத்தணும்னு எஃப்டிபி சேர்ந்திருந்த கூட்டணியில பெரிய கட்சியான, அப்ப சான்சலரா (நம்ம பிரதமர் மாதிரி) இருந்த ஹெல்முட் கோலோட கட்சிக்காரங்க கேட்டாங்க. இதை அங்க "பெரிய ஒட்டுக்கேட்புத் தாக்குதல்"னே பேரு வச்சுக் கூப்பிட்டாங்க.

நீதித்துறை மந்திரிங்கற முறையில அந்தச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியது அந்தம்மாதான். முடியாதுன்னுட்டாங்க. கூட்டணி உடைஞ்சுடுமோன்னு பயந்து கட்சி என்ன பண்ணுச்சுன்னா, மெம்பருங்க கிட்டயே ஓட்டெடுப்பு விட்டுடுச்சு. 1995 டிசம்பர்ல ரிசல்ட், ஓட்டுப் போட்டவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல மைக் வைக்கலாம்னுட்டாங்க. சொந்தக் கட்சிக்காரங்களே தோக்கடிச்சுட்டாங்க. இங்கயா இருந்தா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க, மெம்பருங்க சொல்லிட்டாங்க, கட்சி முடிவுக்குக் கட்டுப்படறேன்னு ஒரு அறிக்கை விட்டுட்டு நாற்காலியிலயே உக்காந்திருக்கலாம், யாரும் குத்தம் சொல்ல முடியாது. அந்தம்மா ரிசல்ட் வந்ததுமே ராஜினாமான்னு சொல்லிட்டாங்க, 1996 ஜனவரியில இறங்கிட்டாங்க. நம்பாத ஒண்ணைத் தன் கையால பண்ண மாட்டேன், அவ்வளவுதான். கட்சி மாறலை, தனிக்கட்சி ஆரம்பிக்கலை, கட்சியைத் திட்டிக்கிட்டும் அலையலை, எம்.பியா பின்னாடி பெஞ்சுல போய் உக்காந்தாங்க. அந்த ஓனரம்மா 1995ல "வேண்டாம்"னு ஓட்டுப் போட்டவங்களாம், அந்த ராத்திரி அழுதேன்னு சொன்னாங்க, முப்பது வருஷம் ஆகப்போகுது, சொல்றப்பவே கண்ணு கலங்கிடுச்சு.

(அந்த முதல் தடவை மந்திரியா இருந்த காலத்துலதான், ஆம்பளையும் ஆம்பளையும் உறவு வச்சுக்கறதைக் குத்தமாக்கின 175வது பிரிவை 1994ல முழுசா எடுத்தாங்க. 1871லேர்ந்து இருந்த சட்டம். நம்ம ஊர்ல அதே மாதிரி இருந்த 377வது பிரிவுக்கு 2018 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.)

இதுக்கு மேலதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 1998ல அரசியல் சட்டத்தைத் திருத்திட்டாங்க, மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டியோட. சரி தோத்தாச்சுன்னு இருக்காம அந்தம்மாவும் அதே கட்சியில ரெண்டு பெரியவங்களும் சேர்ந்து கார்ல்ஸ்ரூஹேங்கற ஊர்ல இருக்கற அரசியல் சட்ட கோர்ட்டுக்குப் போனாங்க. ஒருத்தர் கெர்ஹார்ட் பௌம், 1978லேர்ந்து 1982 வரைக்கும் உள்துறை மந்திரி, அதாவது மத்திய சர்க்கார் போலீஸே அவர் கையில இருந்துச்சு, தீவிரவாத பயம் இருந்த காலம், அப்பவே சட்டத்தை அளவோட வச்சுக்கணும்னு பேசினவர், பன்னெண்டு வயசுல ரெண்டாம் உலகப்போர்ல டிரெஸ்டன் ஊர் மேல பெய்ஞ்ச குண்டு மழையில தப்பிச்ச பையன். இன்னொருத்தர் புர்க்ஹார்ட் ஹிர்ஷ், அவர் ஒரு பெரிய மாநிலத்துக்கு உள்துறை மந்திரியா இருந்தவர். நான் இத்தனை வருஷம் கேஸ் கட்டு தூக்கினவன், எத்தனையோ ரிட் மனு டைப் அடிச்சு நம்பர் வாங்கியிருக்கேன், மாஜி மந்திரிங்க மூணு பேரு, தங்களோட கட்சியே கை தூக்கின சட்டத்தை எதிர்த்து, சாதாரண குடிமகனா போய் மனு போட்டதை நான் கேட்டதே இல்ல. அந்தக் கோர்ட்ல இந்த மாதிரி மனுவுக்கு கோர்ட் ஃபீஸும் கிடையாதாம், வக்கீல் வச்சுதான் போடணும்னும் இல்லையாம், யார் வேணும்னாலும் எழுதிப் போடலாம். இதைக் கேட்டப்ப எனக்கு நம்ம ஹைகோர்ட் சிவப்பு கட்டடத்து வராண்டாவுல வாய்தா வாய்தான்னு காத்துக்கிட்டு நின்ன எத்தனையோ முகம் ஞாபகத்துக்கு வந்துச்சு.

2004 மார்ச் 3ஆம் தேதி தீர்ப்பு. அரசியல் சட்டத் திருத்தம் செல்லும், ஆனா அதை வச்சுப் போட்ட போலீஸ் விதிங்க பெரும்பாலும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. திருத்தமே செல்லாதுன்னு ரெண்டு பெண் ஜட்ஜுங்க தனியா எழுதினாங்க. தீர்ப்போட உயிர்நாடி என்னன்னா, மனுஷனோட அந்தரங்க வாழ்க்கைக்குள்ள ஒரு கருவறை மாதிரி இடம் இருக்கு, அதுக்குள்ள சர்க்கார் எந்தக் காரணம் சொல்லியும் வரக்கூடாது, எவ்வளவு பெரிய குத்தமா இருந்தாலும் சரி. புருஷன் பொண்டாட்டி பேசிக்கறது, ரொம்ப நெருங்கினவங்க மனசைத் திறந்து பேசறது, இதெல்லாம் அதுல வருது. மைக் ஓடறப்ப அந்த மாதிரி பேச்சு வந்தா போலீஸ் உடனே நிறுத்தணும், பதிவாகியிருந்தா அழிக்கணும், கேஸ்ல அதைக் காட்டவே கூடாது. இந்த "நிறுத்தணும், அழிக்கணும்" ரெண்டு வார்த்தையை எம்பொண்ணு சொன்னப்ப நான் எழுந்து ஏரிக்கரையில கொஞ்ச தூரம் நடந்துட்டு வந்தேன். ஏன்னு சொல்றேன்.

நாங்க இருக்கறது 64 வீடு இருக்கற அப்பார்ட்மெண்ட். மூணு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு சைக்கிள், ஒரு கேஸ் சிலிண்டர் திருடு போச்சுன்னு அசோசியேஷன்ல மீட்டிங் போட்டு, ஒவ்வொரு மாடி காரிடார்லயும் கேமரா வைக்கணும், அதுவும் பேச்சையும் பதிவு பண்ற கேமரான்னு முடிவு பண்ணாங்க. கேமரா சரி, பேச்சு எதுக்குன்னு கேட்டேன். தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்னு ஒருத்தர் கேட்டாரு, எல்லாரும் தலையாட்டினாங்க. கை தூக்கச் சொன்னப்ப எதிர்த்துத் தூக்கினது ரெண்டே கை, ஒண்ணு நான், இன்னொண்ணு மூணாவது மாடி கன்னட டீச்சரம்மா. ஒரு வருஷம் கூட ஆகலை, ஒரு ராத்திரி ஒரு சின்னஞ்சிறு ஜோடிக்குள்ள சண்டை, கதவு ஒருக்களிச்சிருந்திருக்கு, அவங்க பேசினது அத்தனையும் பதிவாகி, அந்தப் பொண்ணுக்குக் குழந்தை இல்லாத விஷயம், டாக்டர் சொன்னது எல்லாம், அந்த கிளிப்பு யாரோ ஒருத்தர் போன்லேர்ந்து கிளம்பி வாட்ஸ்அப்ல பாதி பில்டிங்குக்குப் போயிடுச்சு. யார் அனுப்பினதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கலை. ரெண்டு மாசத்துல அந்தப் பிள்ளைங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, லிஃப்ட்ல என்னைப் பார்த்தப்ப அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சிக்கிச்சு, அது என்ன தப்பு பண்ணுச்சு தலையைக் குனிய. அந்தக் கருவறைன்னு கோர்ட் சொன்னது இதைத்தான்.

மிச்சக் கதையைச் சுருக்கமா சொல்றேன். 2009ல எஃப்டிபி 14.6 சதவீதம் வாங்கி சான்சலர் மெர்கல் அம்மாவோட கூட்டணி வச்சப்ப, இவங்க திரும்பவும் அதே நீதித்துறை மந்திரி ஆனாங்க. எந்த நாற்காலியை விட்டுட்டுப் போனாங்களோ அதே நாற்காலி, பதிமூணு வருஷம் கழிச்சு. அப்ப ஒரு கேஸ் நடந்துக்கிட்டிருந்துச்சு. யார் யாருக்கு எப்ப போன் பண்ணினாங்க, எந்த டவர்லேர்ந்து பேசினாங்க, யாருக்கு ஈமெயில் போட்டாங்கங்கறதை நாட்டுல உள்ள அத்தனை பேருக்கும் ஆறு மாசம் கம்பெனிங்க சேமிச்சு வைக்கணும்னு 2008லேர்ந்து ஒரு சட்டம், அதை எதிர்த்து சுமார் 35 ஆயிரம் பேர் கோர்ட்டுக்குப் போயிருந்தாங்க, இவங்களும் கட்சிக்காரங்க சில பேரும் தனியா ஒரு மனு போட்டிருந்தாங்க. பாருங்க, மனுதாரர் லிஸ்ட்லயும் இவங்க பேரு, எதிர்மனுதாரர் சர்க்கார்லயும் இவங்க மந்திரி. 2010 மார்ச் 2ஆம் தேதி கோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து பண்ணுச்சு, மந்திரியோட சர்க்கார் தோத்துச்சு, மந்திரி ஜெயிச்சாங்க.

புதுசா ஒரு சட்டம் கொண்டு வாங்கன்னு உள்துறை மந்திரிங்க அழுத்தம் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க, இப்படி டேட்டா சேமிக்கணும்னு தான் போட்ட உத்தரவை நிறைவேத்தலைன்னு ஐரோப்பிய யூனியன் வேற 2012ல ஜெர்மனி மேலயே கேஸ் போட்டு ஒரு நாளைக்கு 3 லட்சத்து 15 ஆயிரம் யூரோ அபராதம் கேட்டுச்சு. ஒரு நாளைக்கு! அப்பவும் அந்தம்மா அசையலை. சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கறவன் டேட்டாவை மட்டும் அழியாம நிறுத்தி வைக்கலாம், எட்டு கோடி பேரையும் சந்தேகப்படாதீங்கன்னு மாத்து வழி சொன்னாங்க, அதைக் கூட்டணி ஏத்துக்கலை. 2013 எலெக்ஷன்ல கட்சி 4.8 சதவீதத்துல கவுந்துடுச்சு, மந்திரி பதவியும் போச்சு எம்.பி பதவியும் போச்சு. அடுத்த ஏப்ரல்லயே, 2014 ஏப்ரல் 8ஆம் தேதி, ஐரோப்பிய கோர்ட் அந்த யூனியன் உத்தரவே செல்லாதுன்னுடுச்சு, அபராதக் கேஸும் அதோட போச்சு. மறுபடியும் 2015ல வேற கூட்டணி அதே மாதிரி ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, மியூனிக் இன்டர்நெட் கம்பெனி ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு, 2022 செப்டம்பர்ல அதுவும் ஐரோப்பிய கோர்ட்ல அடிபட்டுச்சு. வீட்ல உக்காந்து பேப்பர்ல படிச்சப்ப அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

கட்சியை நான் மொத்தமா தாங்கிப் பேச வரலை. அதே 2010ல ஓட்டல் ரூம் வரியை 19லேர்ந்து 7 சதவீதமா குறைச்சாங்க, ஓட்டல் முதலாளி கிட்ட நன்கொடை வாங்கிட்டுத்தான் பண்ணாங்கன்னு ஜனங்க காறித் துப்பினாங்க, 2013ல தோத்ததுக்கு அதெல்லாமும் காரணம்தான், நீங்க பணக்காரங்க கட்சின்னு எழுதினதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா நம்ம ராஜாஜியை நினைச்சுப் பாருங்க. ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளியில பொறந்து இதே பெங்களூர் சென்ட்ரல் காலேஜ்ல படிச்சவர், 1959ல எண்பது வயசுல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு எதுக்கெடுத்தாலும் சர்க்கார் அனுமதி வேணுங்கற பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்னு நேரு சர்க்காரை எதிர்த்தாரு. 1967ல அந்தக் கட்சிக்கு லோக்சபாவுல 44 சீட்டு, 1974ல வேற கட்சியோட கரைஞ்சு போச்சு. அவரையும் பணக்காரங்க ஆளுன்னுதான் சொன்னாங்க, எங்கப்பாவே சொல்லுவாரு. லிபரல்னா சர்க்காருக்கு ஒரு எல்லைக்கோடு போடறவங்க, கடைக்காரன் கல்லாவுக்கும் சரி, வீட்டு வாசப்படிக்கும் சரி. கல்லாவுக்குப் போட்ட கோட்டைத்தான் பேப்பர்ல எழுதறோம், வாசப்படிக்குப் போட்டவங்களை மறந்துடறோம்.

இந்த ஊருக்கு இதுல சம்பந்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. 1988ல ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சர் பதவியை விட்டது போன் ஒட்டுக்கேட்புப் புகார்ல. ஒட்டுக்கேட்டாங்கன்னு இங்க ஒரு முதல்வர் போனாரு, ஒட்டுக்கேக்க சட்டம் எழுத மாட்டேன்னு அங்க ஒரு மந்திரி போனாங்க, எட்டு வருஷ இடைவெளியில. அந்தம்மா இறங்கின அதே 1996ல, டிசம்பர்ல, நம்ம சுப்ரீம் கோர்ட்டும் போன் ஒட்டுக்கேக்க நடைமுறை வேணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அப்புறம் ஜஸ்டிஸ் புட்டசாமி ஐயா, கர்நாடகா ஹைகோர்ட் ஜட்ஜா இருந்து ஓய்வு பெற்று பெங்களூர்லயே இருந்தவர், 86 வயசுல 2012ல ஆதாரை எதிர்த்து மனு போட்டாரு, அந்தக் கேஸ்லதான் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒன்பது ஜட்ஜுங்க ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. 1962ல கரக் சிங்குன்னு ஒருத்தர் வீட்டு கதவை ராத்திரி ராத்திரி போலீஸ் தட்டின கேஸ்ல, தட்டறது தப்பு ஆனா அந்தரங்க உரிமைன்னு ஒண்ணு கிடையாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க, அந்த வரியை அழிக்க 55 வருஷம் ஆச்சு. புட்டசாமி ஐயா 2024 அக்டோபர்ல 98 வயசுல போய்ச் சேர்ந்தாரு. கார்ல்ஸ்ரூஹேயில அந்தம்மாவோட நின்ன ஹிர்ஷ் 2020ல போனாரு, பௌம் 2025 பிப்ரவரி 15ஆம் தேதி, நீங்க எழுதின அந்த எலெக்ஷனுக்கு சரியா எட்டு நாள் முன்னாடி. கட்சி தோத்ததுக்கு உங்க பேப்பர்ல அரைப்பக்கம், அவர் செத்ததுக்கு ஒரு வரி கூட இல்ல.

அதனால என் வேண்டுகோள் ரெண்டு. ஒண்ணு, இந்த மூணு பேரைப் பத்தியும் புட்டசாமி ஐயாவைப் பத்தியும் ஞாயித்துக்கிழமை இதழ்ல ஒரு பக்கம் போடுங்க, படம் போட்டு, தேதியெல்லாம் போட்டு. ரெண்டாவது, 2023ல பார்லிமெண்ட் பாஸ் பண்ணின டேட்டா பாதுகாப்புச் சட்டம் ஒரு அப்பார்ட்மெண்ட் அசோசியேஷனையும் கட்டுப்படுத்துமா, காரிடார் மைக்குக்கு யார் கிட்ட புகார் பண்றதுன்னு ஒரு நல்ல வக்கீலைக் கேட்டு எழுதுங்க, எங்களை மாதிரி எத்தனையோ பில்டிங்ல இதே பிரச்சினைதான்.

எங்க காரிடார்ல மைக் இன்னும் இருக்கு. வர்ற மாசம் ஜெனரல் பாடி மீட்டிங், திரும்பவும் எழுப்பப் போறேன். 2004 தீர்ப்பை எம்பொண்ணு ஒரு பக்கத்துக்குத் தமிழ்ல எழுதி அனுப்பியிருக்கா, டீச்சரம்மா அதைக் கன்னடத்துல எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, 64 காப்பி ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு வீட்டு கதவிடுக்குலயும் நானே போடறதா இருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
அல்சூர், பெங்களூர்.